நாழி அளவு நன்றி

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!



சஷ்டி விரதம் பற்றி எழுதினதுக்கு அப்புறம் ஒரு தம்பி எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆன பையன். "அண்ணா, ஆறு நாளும் ஒழுங்கா விரதம் இருந்தேன். மூணாவது ரவுண்டு வரைக்கும் போயிட்டு இந்த இன்டர்வியூவும் கை நழுவிருச்சு. எல்லாரும் முருகனுக்கு நன்றி சொல்லு, நன்றி சொல்லுங்கிறாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க, சொல்லிடறேன்."

அந்தத் தம்பி குரல்ல கோபமும் இல்ல, கிண்டலும் இல்ல. களைப்பு மட்டும்தான் இருந்தது. இந்தக் கேள்வியை நம்மில் பாதிப் பேர் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வெளியே கேட்காமல் இருக்கோம். பாதயாத்திரை போயும் கல்யாணம் அமையலை. மொட்டை போட்டும் உடம்பு சரியாகலை. அப்போ நன்றிங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். பெரிய தத்துவம் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்க ஊர்ப் பக்கம் தினமும் கண்ணில் படுகிற சில விஷயங்களையும், செந்தூர் ஆண்டவன் சன்னதியில் நாம பார்த்தும் கவனிக்காமல் வருகிற சில விஷயங்களையும் வச்சுச் சொல்றேன்.

எங்க ஊரு

திருச்செந்தூரில் இருந்து கடற்கரை ரோட்டிலேயே தெற்கே வந்தால் குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோயில். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வந்தால் மணப்பாடு. செந்தூரில் இருந்து மொத்தம் 18 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு வந்து சேரும் கழி, நடுவில் மணல் குன்று. குன்று மேலே 1581-ல் கட்டின திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை, கடலைப் பார்த்த மாதிரி இருக்கு. ஊரே கத்தோலிக்க மீனவர் ஊர். ஒரு காலத்தில் முத்துக் குளித்த பரம்பரை. இந்தக் கரையில் கடைசியா முத்துக் குளித்தது 1961-ல். அதோடு முத்து போச்சு, கடல் போகலை. வலை எடுத்துட்டுப் போறாங்க.

"முருகன் பதிவுல மணப்பாடு எங்கடா வந்தது?" என்று கேட்பீங்க. எங்க வீடு மணப்பாட்டு ரோட்டு மேலதான் இருக்கு. அப்பாவுக்கு உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். நான் பெங்களூரு கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் இருந்து வீட்டில் உட்கார்ந்தே லேப்டாப்பைத் தட்டிட்டு இருக்கேன். அதனால காலையில் அப்பாவைத் திண்ணையில் உட்கார வச்சுட்டு, மீட்டிங் ஆரம்பிக்கிற வரைக்கும் நானும் கூட உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற பாக்கியம் கிடைச்சிருக்கு. சின்ன வயசில் இருந்து பார்த்த தெருதான். ஆனா இப்போதான் பார்க்கிறேன்.

திருப்பி அனுப்பின கடல்

காலையில் படகு கரையேறுகிற நேரத்துக்கு நடந்து போனால், கரையில் ஒரே கேள்விதான் கேட்கும். "பாடு எப்படி?" பாடு என்றால் அன்னைக்குக் கிடைச்ச மீன். ஒரு நாள் ஒரு அண்ணாச்சி பைபர் படகை ஏற்றிட்டு இருந்தார். கச்சான் காத்து அடிச்சிட்டு இருந்த நாள். பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தேன். வீட்டுக் குழம்புக்குத் தேறும், அவ்வளவுதான். டீசல் காசு கூட வராது. அவர் இறங்கினதும் குன்று பக்கம் திரும்பி, கோயிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கிட்டார்.

"அண்ணாச்சி, பாடே இல்லையே?" என்றேன்.

"பாடு இல்லதான். கடல் ஆளைத் திருப்பி அனுப்பிருச்சுல்லா? முதல்ல அதுக்குச் சொல்லணும் தம்பி. மீனுக்கு நாளைக்குக் கேட்டுக்கலாம்."

கவனிங்க. அவர் ரெண்டு கணக்கு வச்சிருக்கார். ஒண்ணு, திரும்பி வந்த கணக்கு. இன்னொண்ணு, மீன் கணக்கு. மீன் கணக்கில் நஷ்டம். அதை அவர் மறைக்கலை, "பாடு இல்லதான்" என்று ஒத்துக்கிட்டார். ஆனா அந்த நஷ்டத்தை எடுத்து இந்தக் கணக்கில் எழுதலை. நாம என்ன பண்றோம்? இன்டர்வியூ போச்சு என்றால், அன்னைக்கு அம்மா வச்ச சாப்பாடு, பஸ்ஸில் சில்லறை இல்லாதப்போ விட்டுக்கொடுத்த கண்டக்டர், இழுத்து விட்ட மூச்சு, எல்லாத்தையும் அதே நஷ்டத்தில் சேர்த்து எழுதிடறோம்.

கடல் திருப்பிக் கொடுக்கிறது என்றதும் நமக்கு இன்னொரு கதை ஞாபகம் வரணும். 1600-களின் நடுவில் டச்சுக்காரர்கள் திருச்செந்தூர் கோயிலைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. போகும்போது சண்முகர் திருமேனியைக் கப்பலில் ஏற்றிட்டுப் போனாங்க. நடுக்கடலில் புயல் அடிச்சு, பயந்துபோய்க் கடலிலேயே போட்டுட்டுப் போனதாகத் தல வரலாறு. அப்புறம் வடமலையப்ப பிள்ளை கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடச் சொன்னாராம். 1653-ல் சண்முகர் திரும்பக் கரையேறினார். நடுவில் அத்தனை வருஷம் இந்தச் சீமை ஜனங்கள் என்ன பண்ணியிருப்பாங்க? கடலையே பார்த்துட்டு இருந்திருப்பாங்க. கோயிலுக்கு வருவதை விட்டிருக்க மாட்டாங்க. சாமியையே கடல் கொண்டு போன காலத்திலும் கும்பிட்டவங்களுக்கு, மீன் இல்லாத நாளில் கும்பிடுவது ஆச்சரியமா என்ன?

ரோட்டோரப் பானை

எங்க ரோட்டில் பாதயாத்திரை சீசன் வந்தால் பார்க்கணும். குமரிப் பக்கத்தில் இருந்து, உவரிப் பக்கத்தில் இருந்து பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டினவங்க கூட்டம் கூட்டமாக வருவாங்க. காவடி, தோளில் குழந்தை, ஸ்பீக்கர் கட்டின சின்ன வண்டி. ஆனா இந்த இடத்துக்கு வரும்போது கால் வெந்து போயிருக்கும். செந்தூர் கோபுரம் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. ரொம்பச் சோர்வான இடம் இது.

அந்த இடத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒரு ஆச்சி மண்பானை வைப்பாங்க. கழுத்தில் ஜெபமாலை தொங்கும். பானையில் வெறும் தண்ணி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கருப்பட்டித் துண்டு. யாரையும் கூப்பிட மாட்டாங்க. குடிக்கிறவங்களையும் பார்க்க மாட்டாங்க, அவங்க பாட்டுக்குப் பனை ஓலையில் பெட்டி முடைஞ்சிட்டு இருப்பாங்க. மணப்பாட்டுப் பெண்களுக்கு ஓலை முடைவது கைவந்த கலை. பேச்சுக்கு இடையில் விரல் தானா ஓடும்.

ஒருமுறை ஒரு பச்சை வேட்டிக்காரர் தண்ணி குடிச்சுட்டு, மடியில் இருந்து விபூதி எடுத்து ஆச்சியிடம் நீட்டினார். எனக்கு ஒரு நொடி என்ன ஆகுமோ என்று இருந்தது. ஆச்சி ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, ஜன்னல் திட்டில் வச்சாங்க. பூசிக்கலை. கீழேயும் போடலை. "போய்ச் சேருங்கய்யா, வெயில் ஏறுது" என்றாங்க. அவரும் எதுவும் எதிர்பார்க்கலை, கும்பிட்டுட்டு நடந்தார். அவங்கவங்க சாமி அவங்கவங்களுக்கு. தாகம் எல்லாருக்கும் ஒண்ணு.

செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா வரும்போது எங்க அம்மாவும் ஒரு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போவாங்க. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க நிறைய பேர் போறதுதான். அம்மாவுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்ல. "வருஷம் பூரா நம்ம பக்கத்து வீட்டுக்காரங்களைக் காப்பாத்துற சாமி. ஒரு கும்பிடு போட்டா குறைஞ்சா போவோம்?" என்பாங்க.

குரூப்பில் மத்த மதத்துக்காரங்களைத் திட்டி ஒரு ஃபார்வேர்டு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் கண் முன்னாடி வருது. நம்ம பக்தர்கள் குடிச்ச தண்ணிக்கு ஒரு மரியாதை வேணும் சொந்தங்களே. அப்படி ஒரு மெசேஜை அடுத்த ஆளுக்கு அனுப்பாமல் விடுறதும் நன்றிதான்.

செந்தூரான் கையில் என்ன இருக்கு?

இப்போ ஒரு கேள்வி. திருச்செந்தூர் மூலவரைப் பார்த்திருப்பீங்க. கியூவில் நின்னு, நெரிசலில் தள்ளுப்பட்டு, சன்னதி முன்னால் கிடைக்கிற அந்தச் சில நொடியில் நாம நம்ம லிஸ்ட்டை வேகமா ஒப்பிச்சுட்டு வந்துடறோம். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். அவர் கையில் என்ன வச்சிருக்கார் என்று பார்த்தீங்களா?

சூரனை வதம் பண்ணின தலம் இது. அறுபடை வீட்டில் கடற்கரையில் இருக்கிற வீடு. அப்போ வீராவேசமாகத்தானே நிக்கணும்? ஆனா மூலவர் கையில் பூவும் ஜபமாலையும் இருக்கு. சம்ஹாரம் முடிஞ்ச பிறகு தகப்பன் சிவபெருமானைப் பூஜிக்கிற கோலம். அவர் பூஜிச்ச பஞ்சலிங்கம் கருவறைக்குப் பின்னால் இன்னைக்கும் இருக்கு. விசாரிச்சுப் போனால் தரிசனம் பண்ணலாம்.

நாம போய்க் கேட்கிற இடத்தில், நம்ம சாமி நன்றி சொல்லிட்டு நிக்கிறார்!

ஜெயிச்சவருக்கு நன்றி சொல்ல என்ன அவசியம் என்று தோணலாம். ஜெயிச்சப்போதான் மறந்து போகும், அதனால்தான். வேல் கொடுத்தது அம்மா, படை நடத்தினது வீரபாகுத் தேவர், நெற்றிக் கண்ணில் பிறப்பு கொடுத்தது அப்பா. "எல்லாம் நானே பண்ணினேன்" என்று சொல்ல முழுத் தகுதி உள்ள ஒருத்தர், அதைச் சொல்லாமல் பூ எடுத்துப் போட்டுட்டு இருக்கார். அந்தக் கோலத்தைத் தினமும் பார்த்துட்டு வருகிற நமக்கு, ஒரு புரமோஷன் கிடைச்சால் டீமில் யார் யார் உதவினாங்க என்று ஞாபகம் இருக்கா?

செந்தூரில் கொடுக்கிற பன்னீர் இலை விபூதியையும் யோசிச்சுப் பாருங்க. தங்கத் தட்டில் வரலை. ஒரு சாதாரண இலையில் வருது. அந்த இலையில் பன்னிரண்டு நரம்பு, ஆண்டவனுடைய பன்னிரண்டு கை என்று பெரியவங்க சொல்லுவாங்க. மரத்தில் இருந்து விழுகிற ஒரு இலையில் பன்னிரண்டு கையைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ணு நம்ம முன்னோர்களுக்கு இருந்திருக்கு. அந்தக் கண்ணைத்தான் நாம கேட்டு வாங்கணும்.

நாழிக்கிணறு சொல்கிற பாடம்

இப்போ தலைப்புக்கு வர்றேன்.

செந்தூருக்குப் போனவங்க எல்லாரும் நாழிக்கிணற்றில் தண்ணி ஊற்றியிருப்பீங்க. கடலில் குளிச்சுட்டு, படி இறங்கிப் போனால் உள்ளே ஒரு அடி சதுரத்துக்குக் குட்டிக் கிணறு. நாழி என்றால் நம்ம பழைய அளவுப் படி. அந்த அளவுக்குச் சின்னது. கூப்பிடு தூரத்தில் கடல் உப்பாகக் கொட்டிக் கிடக்கு, இதில் வருவது நல்ல தண்ணி. படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகப்பெருமான் வேலால் உண்டாக்கினது என்பது தல வரலாறு. சுவாரஸ்யம் என்னன்னா, மணப்பாட்டுச் சவேரியார் குகைக்குள்ளேயும் இதே மாதிரி நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணு இருக்கு. கடல் அலை சத்தம் கேட்கிற தூரத்திலேயே.

என்ஜினீயரிங் படிச்ச மூளை சும்மா இருக்குமா? எப்படி என்று தேடிப் படிச்சேன். மழைத் தண்ணி மணலுக்குள் இறங்கும்போது, அடியில் இருக்கிற உப்புத் தண்ணியோடு உடனே கலந்துடாது. உப்புத் தண்ணி கனம் ஜாஸ்தி, நல்ல தண்ணி லேசு. அதனால நல்ல தண்ணி மேலே மிதக்கும், ஒரு லென்ஸ் மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்னால், கீழே சுமார் நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி நிற்கும் என்பது கணக்கு. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால்தான் அது நல்ல தண்ணி. பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால், கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேலே ஏறிடும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டு, போட்டு, தண்ணி உப்பாகிப் போன கதை எங்க உடன்குடிப் பக்கத்து விவசாயிகளுக்கு நல்லாத் தெரியும்.

இதைப் படிச்சதும் எனக்குத் தல வரலாறு பொய்யாகிடுச்சு என்று தோணலை. வேல் குத்தின இடத்தில் தண்ணி வந்ததோ, மழையும் மணலும் சேர்ந்து தந்ததோ, ரெண்டுக்கும் காரணமானவன் ஒருத்தன்தான். என்னை யோசிக்க வச்சது அந்த நாழி என்கிற அளவு. நல்ல தண்ணி அங்கே எப்பவும் இருக்கு. ஆனா நாழி அளவில், தினமும், பொறுமையாக எடுக்கிறவங்களுக்குத்தான் அது இனிக்கும்.

நம்ம நன்றியும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய காரியம் நடந்தால் மோட்டார் போட்டு மாதிரி அழுது, உருகி, ஸ்டேட்டஸ் போட்டு, நன்றி சொல்றோம். அடுத்த காரியம் நடக்கலை என்றால் உப்பு ஏறிடுது. மனசு கரிக்குது. அதே மனுஷன் தினமும் ஒரு நாழி மொண்டு பழகியிருந்தால்? வறட்சியிலும் குடிக்க ஒரு வாய் இருக்கும்.

எங்க வேலையில் ஒரு விஷயம் உண்டு. சர்வரை அரை நிமிஷத்துக்கு ஒருதரம் இன்னொரு மெஷின் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்கும். அது "இருக்கேன்" என்று பதில் சொல்லும். இப்படி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான "இருக்கேன்" வரும். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஒரே ஒரு தடவை பதில் வரலை என்றால் போன் அலறும், ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரும் எழுந்து உட்காருவோம். முருகன் நமக்கு எத்தனை "இருக்கேன்" அனுப்பிட்டு இருக்கார் என்று ஒரு நாளாவது திறந்து பார்க்க வேண்டாமா?

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023 டிசம்பர் 17. மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்க ஜில்லாக்காரங்க யாராலும் மறக்க முடியாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. முன்னாடி பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்தது. ரயில் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியலை. நிறுத்தி வச்ச நிலைய அதிகாரி பெயர் ஜாபர் அலி. பின்னாடி ரயில்வே அவருக்கு விருது கொடுத்துக் கௌரவிச்சது.

சுமார் 800 பேர். தரிசனம் முடிச்சு இலை விபூதியோடு ஏறின குடும்பங்கள் எத்தனையோ. சுற்றிலும் தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல. பக்கத்தில் இருக்கிற புதுக்குடி கிராமத்து ஜனங்க, அவங்க ஊரே வெள்ளத்தில் தவிச்சிட்டு இருந்தப்போ, இருக்கிற அரிசியைப் போட்டுப் பொங்கி இவங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க. ஊர் அம்மன் கோயிலில் அடுப்பு எரிஞ்சது. ரெண்டு ராத்திரி கழிச்சுத்தான் எல்லாரும் பத்திரமாக வெளியே வந்தாங்க.

அந்த 800 பேரும் அன்னைக்குக் காலையில் முருகனிடம் என்ன கேட்டிருப்பாங்க? "நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்" என்று நிச்சயம் ஒருத்தராவது கேட்டிருப்பாங்க. அவங்க நினைச்ச மாதிரி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கலை. ஒரு அதிகாரி தூக்கின சிவப்புக் கொடியாகவும், முகம் தெரியாத ஒரு பெண் அள்ளி வச்ச சோறாகவும் அந்தப் பதில் வந்தது. மயில் மேல் ஏறி வருவார் என்று பார்த்துட்டு இருந்தால் இந்தப் பதிலைத் தவற விட்டுடுவோம்.

அப்பாவுக்கு வராத வார்த்தை

இதே ஸ்ரீவைகுண்டத்தில்தான் குமரகுருபரர் பிறந்தார். ஐந்து வயசு வரைக்கும் பேச்சு வராத குழந்தை. பெற்றவங்க செந்தூர் சன்னதியில் விரதம் கிடந்தாங்க. குழந்தை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினது என்பது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறு. அந்தக் குழந்தைதான் பின்னால் காசி வரைக்கும் போய் மடம் கண்ட மகான்.

இந்த வரலாற்றை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு படிக்கும்போது வேற மாதிரி இருந்தது. மாசாமாசம் கிருத்திகைக்குச் செந்தூருக்கு நடந்தே போன மனுஷர் அவர். இப்போ வலது கை, வலது கால் வேலை செய்யலை. பேச்சு வரலை. நினைப்பு எல்லாம் தெளிவாக இருக்கு, வார்த்தைதான் கிடைக்கலை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருவார், வேற ஏதோ சத்தம் வரும், அவருக்கே கண் கலங்கும். என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு. நானும் செந்தூர் சன்னதியில் நின்னு அந்த ஒண்ணைத்தான் கேட்டேன். இன்னும் கேட்டுட்டு இருக்கேன். இன்னும் கிடைக்கலை.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா வழக்கம் போலக் கந்த சஷ்டி கவசம் போட்டாங்க. கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டில் இருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து அப்பா பாட்டோடு சேர்ந்து சொல்லிட்டு இருக்கார். கொஞ்சம் குழறல்தான், ஆனா வார்த்தை வார்த்தையாக. பாட்டு முடிஞ்சது. "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். பதில் வார்த்தை வரலை.

டாக்டரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படலை. இந்த மாதிரி நோயாளிகள் நிறைய பேருக்கு, சொந்தமாகப் பேச வராவிட்டாலும், பல வருஷம் சொல்லிச் சொல்லிப் படிஞ்சு போனது வரும் என்றார். எண்ணிக்கை, கிழமைப் பெயர், பாட்டு, பிரார்த்தனை. மூளையில் அது தங்கியிருக்கிற விதமே வேற. பயிற்சிக்கு இதையே பயன்படுத்தலாம் என்றும் சொன்னார்.

அதனால் இதை அற்புதம் என்று எழுதி "பத்து பேருக்கு அனுப்புங்க" என்று நான் சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க அப்பா நாற்பது வருஷமாகத் தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் கவசம் சொல்லுவார். நல்ல வியாபாரம் நடந்த நாளிலும் சொன்னார், கருப்பட்டி விலை போகாமல் கிடந்த வருஷத்திலும் சொன்னார். நாழி நாழியாக ஊற்றி வச்சது அது. மேலே இருந்த கிணறு எல்லாம் வற்றின நாளில், அடியில் அது மட்டும் நல்ல தண்ணியாக நின்னது. அவர் கேட்டு வாங்கினது இல்ல அது. அவரே அறியாமல் அவருக்காகச் சேர்த்து வச்சது.

அப்பா என் பேரைச் சொல்லணும் என்று இன்னைக்கும் கேட்கிறேன். நாளைக்கும் கேட்பேன். அது மீன் கணக்கு. காலையில் அவர் குரலை வீட்டுக்குள் கேட்க முடியுதே, அதற்குக் கும்பிடறேன். அது திரும்பி வந்த கணக்கு. ரெண்டையும் தனித்தனியாக வச்சுக்க அந்த அண்ணாச்சிதான் சொல்லிக் கொடுத்தார்.

தம்பிக்குப் பதில்

இப்போ அந்தத் தம்பிக்கு.

தம்பி, வேலை கிடைக்காததுக்கு நன்றி சொல்லாதே. வலிக்கிறதை வலிக்குது என்றே முருகனிடம் சொல்லு. அவர் குழந்தைச் சாமி, கோவிச்சுக்கிட்டு மலை ஏறினவர். நம்ம கோபத்தைப் புரிஞ்சுக்காமல் போக மாட்டார். "எல்லாம் நன்மைக்கே" என்று வாய் சொல்லி மனசு எரியறதை அவர் கேட்கவும் இல்ல. நன்றி என்பது கிடைச்ச பொருளுக்குக் கட்டுகிற பில் கிடையாது. அப்படி இருந்தால் பொருள் வராதப்போ பணம் கட்ட வேண்டாம் என்று நீ சொல்வது நியாயம். நன்றி என்பது ஏற்கெனவே வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கிறது. பார்க்கிறவனுக்குத் தெம்பு வரும். அந்தத் தெம்போடு அடுத்த இன்டர்வியூவுக்குப் போகலாம்.

நம்ம எல்லாருக்குமாக ஒரு சின்ன வழக்கம் சொல்றேன். அடுத்த கிருத்திகை வரைக்கும் மட்டும் செஞ்சு பாருங்க. செலவு இல்ல, விரதம் இல்ல.

ராத்திரி போனைச் சார்ஜில் போடும் முன், விபூதி வச்சுக்கிட்டு மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, இன்னைக்குக் கண்ணில் பட்ட ஒரு நல்ல காட்சி. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, பால்காரர் மணி அடிச்ச சத்தம் கூடப் போதும். ரெண்டு, இன்னைக்கு நமக்கு உதவின ஒரு மனுஷர். வாட்ச்மேன் அண்ணன், பஸ்ஸில் இடம் கொடுத்த அக்கா, யாராக இருந்தாலும். பேர் தெரியாவிட்டால் மறுநாள் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு, இன்னும் கிடைக்காத ஒண்ணு. அதையும் மறைக்காமல் சொல்லுங்க. அண்ணாச்சி மாதிரி, "மீனுக்கு நாளைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிட்டுப் படுங்க.

நாழி அளவுதான். அதுக்கு மேலே வேண்டாம். ஆனா தினமும் மொண்டு பாருங்க.

கேட்டதையும் கேட்காததையும் அறிந்த செந்தில் ஆண்டவன், வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு வழியையும், நோயில் கிடக்கிறவங்களுக்கு ஆறுதலையும், கடலுக்குப் போனவங்களுக்குக் கரையையும், ரோட்டோரத்தில் பானை வைக்கிற கைகளுக்கு நீண்ட ஆயுசையும் தரட்டும்.

வேலும் மயிலும் துணை.

ஓம் சரவணபவ.

முருகா சரணம்!